சான் பிரான்சிஸ்கோ பள்ளி வாரியத் தேர்தல்: ‘சமத்துவம்’, ‘பாதுகாப்பு’ என்னும் வாக்குறுதிகளை எடைபோடுவது எப்படி?

இரட்டைப்படை ஆண்டுகளில் செப்டம்பர் பிறந்துவிட்டால், சான் பிரான்சிஸ்கோ வீடுகளின் தபால்பெட்டிகளில் வழவழப்பான தேர்தல் அட்டைகள் வந்து விழத் தொடங்கும். பள்ளி வாரிய வேட்பாளர்களின் அட்டைகளைப் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால், எது யாருடையது என்று சொல்வது கடினம். எல்லோருக்கும் சமத்துவம் வேண்டும், எல்லோருக்கும் பாதுகாப்பான பள்ளி வேண்டும். 2024 நவம்பரில் நான்கு இடங்களுக்குப் பதினொரு பேர் நின்றார்கள். சமத்துவமோ பாதுகாப்போ வேண்டாம் என்று சொல்லி அவர்களில் எவரும் வாக்குக் கேட்கவில்லை. ஆகவே அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. அந்தச் சொற்களுக்குப் பின்னால் வாரியம் கையுயர்த்தி முடிவு செய்யக்கூடிய காரியம் எது என்று கேட்கத் தெரிய வேண்டும். இந்நகருக்குப் புதிதாக வந்து, பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்காக அந்தக் கேள்விகளை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் ‘போர்டு’ என்றால் பாடத்திட்டம் வகுத்துப் பொதுத்தேர்வு நடத்தும் அமைப்பு. இங்கே பள்ளி வாரியம் என்பது ஒரு மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளை ஆள்வதற்காக மக்கள் தேர்ந்தெடுக்கும் குழு. சான் பிரான்சிஸ்கோவில் அதற்கு ஏழு உறுப்பினர்கள். அவர்களை ஆணையர்கள் என்று அழைப்பார்கள். பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். 2024, 2028 போன்ற ஆண்டுகளில் நான்கு இடங்களுக்கும், 2022, 2026 போன்ற ஆண்டுகளில் மூன்று இடங்களுக்கும் நவம்பர் மாதம் தேர்தல் நடக்கும். தொகுதி கிடையாது, நகரம் முழுவதும் ஒரே தொகுதிதான். மேயர் தேர்தலில் உள்ள, வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் விருப்ப வரிசை முறையும் இதில் இல்லை. எத்தனை இடங்களோ அத்தனை பேருக்கு வாக்களிக்கலாம். அதிக வாக்குப் பெற்றவர்கள் வெல்வார்கள்.

முதல் படி: உங்களுக்கு வாக்கு உண்டா என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களுக்கு இதில் சிக்கல் இல்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்கும் இந்நகரில் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2016-ல் வாக்காளர்கள் வாக்களித்து நிறைவேற்றிய ‘என்’ என்னும் நகர முன்மொழிவின்படி, 18 வயது நிரம்பி, சான் பிரான்சிஸ்கோவில் வசித்து, இங்கேயே வசிக்கும் 19 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோராகவோ சட்டப்படியான பாதுகாவலராகவோ பராமரிப்பவராகவோ இருப்பவர், குடியுரிமை இல்லாவிட்டாலும் பள்ளி வாரியத் தேர்தலில் மட்டும் வாக்களிக்கலாம். 2018-ல் இது முதன்முறை நடைமுறைக்கு வந்தது. 2022-ல் ஒரு நீதிமன்றம் இதைச் செல்லாதென்றது. 2023 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது. நகரத் தேர்தல் துறையின் அலுவலகம் சிட்டி ஹாலில் 48-ஆம் அறை. ஒரு தேர்தலுக்குச் செய்த பதிவு அடுத்த தேர்தலுக்குத் தானாக நீடிக்காது. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதிய வேண்டும். வாக்குச்சீட்டில் பள்ளி வாரியப் போட்டி மட்டுமே இருக்கும்.

இவ்வளவு சொன்னபின் அவசரப்பட்டுப் படிவத்தை நிரப்பிவிடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் எழுதிக்கொடுக்கும் பெயரும் முகவரியும் குடிவரவு அமலாக்கத் துறையின் கைக்குப் போகக்கூடும் என்று தேர்தல் துறையே எச்சரிக்கை வெளியிடுகிறது. பிற்காலத்தில் நீங்கள் நிரப்பப்போகும் என்-400 குடியுரிமை விண்ணப்பத்தில், வாக்காளராகப் பதிந்ததுண்டா, வாக்களித்ததுண்டா என்ற கேள்விகள் வரும். 2018 தேர்தலில் குடியுரிமை இல்லாத பெற்றோர் நூறு பேர்கூடப் பதியாததற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். எச்1பி விசாவிலோ கிரீன் கார்டு வரிசையிலோ இருப்பவர்கள், குடிவரவு வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசாமல் இந்தப் படிவத்தைத் தொடாமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து. அதைவிட முக்கியமான எச்சரிக்கை: ஓட்டுநர் உரிமம் எடுக்கும் டிஎம்வி அலுவலகத்தில் வாக்காளர் பதிவு பற்றிய கேள்வியும் வரும். அது குடிமக்களுக்கான பொதுப் பதிவு. குடியுரிமை இல்லாதவர் அதற்கு எக்காரணம் கொண்டும் ‘ஆம்’ சொல்லக் கூடாது. ஃபிரிமான்ட், சான் ஹோசே, சன்னிவேல் போன்ற ஊர்களில் வசிக்கும் நண்பர்கள் சான் பிரான்சிஸ்கோ விதி தங்களுக்கும் பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம், பொருந்தாது.

வாக்கு இல்லை என்று முடிவானால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிடத் தேவையில்லை. வாரியக் கூட்டத்தில் பேசுவதற்கோ வேட்பாளரிடம் கேள்வி கேட்பதற்கோ யாரும் உங்கள் விசாவைக் கேட்க மாட்டார்கள்.

இரண்டாம் படி: வாரியத்தால் எது முடியும் என்று பாருங்கள்

வாரியம், மாவட்டப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரை நியமிக்கிறது, அவரை மதிப்பிடுகிறது, வேண்டாமென்றால் விலக்குகிறது. ஜூன் மாத முடிவுக்குள் அடுத்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றுகிறது. ஆசிரியர் சங்கத்துடனான ஒப்பந்தம், பள்ளிச் சேர்க்கை விதிகள், பள்ளிகளை மூடுவது, மாணவரை நீக்குவது ஆகியவை அதன் வாக்கெடுப்பில் முடிவாகின்றன. ஒரு குறிப்பிட்ட ஆசிரியரை மாற்றுவதும், உங்கள் பிள்ளையின் வகுப்பை மாற்றித் தருவதும் ஆணையரின் வேலை அல்ல. அதைச் செய்து தருகிறேன் என்று ஒரு வேட்பாளர் வாக்குறுதி அளித்தால், அவருக்கு அந்தப் பதவியின் எல்லை இன்னும் புரியவில்லை என்று பொருள். மேயரும் பள்ளிகளை நடத்துவதில்லை. வாரியத்தில் இடம் காலியானால் அதை நிரப்புபவர் மட்டும் அவரே.

இந்த மாவட்டத்தைப் பொறுத்தவரை பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகத் தெரிந்திருக்க வேண்டும். ஏறத்தாழ ஐம்பதாயிரம் மாணவர்கள் படிக்கும் இம்மாவட்டம் 2025–26 கல்வியாண்டுக்காக 11 கோடி டாலருக்கும் மேற்பட்ட பற்றாக்குறையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 2024-ல் மாநிலக் கல்வித் துறையின் ஆலோசகர்கள், வாரியத்தின் நிதி முடிவுகளை நிறுத்திவைக்கும் அதிகாரத்துடனேயே உள்ளே வந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மூடப்படக்கூடிய பள்ளிகளின் பட்டியல் வெளியாகி, பெற்றோர் கொதித்தெழ, திட்டம் நிறுத்தப்பட்டது. கண்காணிப்பாளர் மாட் வெய்ன் பதவி விலகினார். மரியா சூ பொறுப்பேற்றார். இந்த நிலையில் ஒரு வேட்பாளர் புதிய திட்டம் எதையேனும் அறிவித்தால், எதை வெட்டிவிட்டு இதைச் செய்வீர்கள் என்ற ஒரு கேள்வியே போதும். பாதிப் பேர் அதிலேயே நின்றுவிடுவார்கள்.

மூன்றாம் படி: ‘சமத்துவம்’ என்றால் எந்தப் பணம், எந்த வகுப்பு என்று கேளுங்கள்

கலிபோர்னியாவில் 2013 முதல் பள்ளி நிதி ஒரு வாய்பாட்டின்படி பகிரப்படுகிறது. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அடிப்படைத் தொகை; குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளை, ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளை, வளர்ப்புக் குடும்பத்தில் வாழும் பிள்ளை என்றால் அதற்கு மேல் 20 சதவீதம்; இத்தகைய பிள்ளைகள் மாவட்டத்தில் 55 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய அளவுக்கு இன்னும் கொஞ்சம். கூடுதல் பணம் அந்தப் பிள்ளைகளுக்காக எப்படிச் செலவாகிறது என்பதை ‘எல்-கேப்’ என்று எல்லோரும் அழைக்கும் ஆண்டுத் திட்ட ஆவணத்தில் எழுதி, பொதுமக்கள் கருத்துக் கேட்டு, வாரியம் நிறைவேற்ற வேண்டும். சமத்துவம் பேசும் வேட்பாளரிடம், எல்-கேப்பில் எந்தச் செலவை மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். அந்த ஆவணத்தைப் புரட்டியவரா இல்லையா என்பது பதிலின் முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். இன்னொன்று: மாநிலம் பணம் கொடுப்பது சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தல்ல, அன்றாட வருகையைப் பார்த்து. ஆகவே ‘வராத பிள்ளைகளை எப்படி வரவழைப்பீர்கள்’ என்பது அக்கறைக் கேள்வி மட்டுமல்ல, வரவுசெலவுக் கேள்வியும்கூட.

இங்கே பெற்றோராகிய நம் கையில் இரண்டு படிவங்கள் இருக்கின்றன. 2022–23 முதல் கலிபோர்னியா அரசுப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காலையும் மதியமும் இலவச உணவு. சத்துணவு கண்ட நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஆனால் உணவுக்காக வருமானப் படிவம் நிரப்ப வேண்டிய கட்டாயம் போனதால், பலர் படிவத்தையே மறந்துவிடுகிறார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களின் கணக்கு அந்தப் படிவத்திலிருந்தும் எடுக்கப்படுகிறது. கணக்கு குறைந்தால் நிதியும் குறையும்.

மற்றொன்று, சேர்க்கையின்போது தரும் வீட்டுமொழிப் படிவம். பிள்ளை முதலில் பேசக் கற்ற மொழி எது, வீட்டில் அதிகம் பேசுவது எது, பெற்றோர் பிள்ளையிடம் பேசுவது எது, வீட்டிலுள்ள பெரியவர்கள் பேசுவது எது என்று நான்கு கேள்விகள். ‘தமிழ் என்று எழுதினால் தேர்வு வைத்துவிடுவார்கள், ஆங்கிலம் என்று போட்டுவிடுங்கள்’ என்ற அறிவுரை நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டுதோறும் சுற்றும். உண்மைதான், ‘எல்பாக்’ என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். நன்றாக எழுதிய பிள்ளை, ஆங்கிலத் தேர்ச்சி உள்ளவர் என்று பதிவாகி அத்தோடு முடியும். தடுமாறிய பிள்ளைக்குச் சட்டப்படி உதவி கிடைக்கும். இல்லாத மொழியைப் பேசுவதாக எழுதி, வேண்டிய உதவியைத் தட்டிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே நேரம், ‘ஆங்கிலம் கற்பவர்’ என்ற பெயர் ஒட்டிய பிள்ளை அதிலிருந்து வெளியேறச் சில ஆண்டுகள் ஆகலாம் என்பதும், அதனால் நடுநிலைப் பள்ளியில் விருப்பப்பாடம் ஒன்றை இழக்க நேரலாம் என்பதும் மெய். அந்தப் பட்டியலிலிருந்து பிள்ளைகள் வெளியேறும் வேகத்தை எப்படிக் கண்காணிப்பீர்கள் என்று வேட்பாளரைக் கேளுங்கள்.

சமத்துவத்தின் பெயரால் இந்நகரம் நடத்திய இரண்டு பெரிய சண்டைகளை அறியாமல் எந்த வேட்பாளரின் பேச்சும் புரியாது. முதலாவது, எட்டாம் வகுப்பு இயற்கணிதம். 2014-ல் வாரியம் அதை எட்டாம் வகுப்பிலிருந்து எடுத்துவிட்டு, எல்லோரும் ஒன்பதாம் வகுப்பில் படிக்கட்டும் என்றது. பிள்ளைகளைச் சிறுவயதிலேயே கணக்கில் வல்லவர், வராதவர் என்று பிரிக்கக் கூடாது என்பது காரணம். அதில் நியாயம் இருந்தது. ஆனால் வசதியுள்ளவர்கள் வெளியே பணம் கட்டிப் படிக்கவைத்தார்கள்; வசதியற்றவர்களின் திறமையான பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வு, உயர்நிலைக் கணித வகுப்புகளில் இனக் குழுக்களுக்கிடையிலான இடைவெளி பெரிதாக மாறவில்லை என்று காட்டியது. 2024 பிப்ரவரியில் வாரியம் எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தைத் திரும்பக் கொண்டுவர முடிவு செய்தது. அதையே வலியுறுத்தி மார்ச் மாதம் வாக்கெடுப்புக்கு வந்த, வாரியத்தைக் கட்டுப்படுத்தும் வலிமையில்லாத ‘ஜி’ முன்மொழிவுக்கு ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டவர்கள் ஆதரவளித்தார்கள். கணக்கு என்றால் நம்மவர்கள் கூடுதலாகவே பதறுவோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இது நம் பிள்ளைகளின் கேள்வி மட்டும் அல்ல.

இரண்டாவது, லோவல் உயர்நிலைப் பள்ளி. மதிப்பெண்ணும் தேர்வும் வைத்துச் சேர்க்கும் பழம்பெரும் அரசுப் பள்ளி அது. 2021 பிப்ரவரியில் வாரியம் அந்த முறையை நீக்கிக் குலுக்கலுக்கு மாற்றியது. அந்தக் கூட்ட நிகழ்ச்சி நிரலில் இருந்த தலைப்பு, பள்ளியில் நிலவும் இனவெறிக்கு எதிர்வினை என்றுதான் சொன்னது. சேர்க்கை முறை மாறப்போகிறது என்று படிப்பவருக்கு விளங்கும்படி இல்லை. அது பொதுக்கூட்டச் சட்டமான பிரவுன் சட்டத்தை மீறியது என்று 2021 நவம்பரில் நீதிமன்றம் கூறியது. 2022 ஜூனில் புதிய வாரியம் 4-க்கு 3 என்ற வாக்கில் பழைய முறைக்குத் திரும்பியது. இடையே 2022 பிப்ரவரி 15 அன்று, மூன்று ஆணையர்களை நகரம் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான வாக்குகளால் திரும்ப அழைத்து, பதவியிலிருந்து நீக்கியிருந்தது. தொற்றுக்காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, 44 பள்ளிகளின் பெயரை மாற்றுவதில் வாரியம் நேரத்தைச் செலவிட்டது பெற்றோரின் கோபத்தைக் கிளறியிருந்தது. திரும்ப அழைக்கும் அந்த இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் சிவ ராஜ் என்ற, இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோர்.

நூலக அறையொன்றில் நடந்த வேட்பாளர் கூட்டத்தில் இயற்கணிதம் பற்றி நான் கேட்டேன். ஒருவர், ‘ஒவ்வொரு குழந்தைக்கும் உயர்தரக் கணிதம்’ என்று தமக்குத் தந்த ஒரு நிமிடத்தையும் நிரப்பினார். மஞ்சள் அட்டை உயர்ந்தது, சிவப்பு அட்டை உயர்ந்தது, அவர் உட்கார்ந்தார். அடுத்தவர், எட்டாம் வகுப்புக்குக் கணித ஆசிரியர் கிடைக்காத பள்ளிகளில் முதலில் என்ன செய்வது என்பதிலிருந்து தொடங்கினார். அவரோடு எனக்குப் பல விஷயங்களில் கருத்து வேறுபாடு உண்டு; ஆனால் குறிப்பேட்டில் அவர் பெயருக்கு எதிரே கோடிட்டுக்கொண்டேன்.

நான்காம் படி: ‘பாதுகாப்பு’ என்ற சொல்லைப் பிரித்துக் கேளுங்கள்

ஒரு வேட்பாளர் பாதுகாப்பு என்றால் காவலரைச் சொல்வார். இன்னொருவர் மனநல ஆலோசகரைச் சொல்வார். 2020 ஜூனில் வாரியம் நகரக் காவல் துறையுடனான உடன்பாட்டைக் கைவிடும் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதை மாற்றுவீர்களா, மாற்றினால் எந்தப் பள்ளியில், எந்த வேலைக்கு என்று நேராகக் கேட்கலாம்.

ஒழுங்கு நடவடிக்கை இதோடு ஒட்டியது. ‘பிடிவாதமான கீழ்ப்படியாமை’ என்ற பெயரில் மாணவரை இடைநீக்கம் செய்வதை இம்மாவட்டம் 2014-லேயே கைவிட்டது. 2024 ஜூலை முதல் மாநிலம் முழுவதற்கும் பன்னிரண்டாம் வகுப்புவரை அது சட்டம். ஆகவே ‘கட்டுப்பாட்டைத் திரும்பக் கொண்டுவருவேன்’ என்பவர், சட்டம் விட்டுவைத்திருக்கும் இடத்துக்குள் என்ன செய்வார் என்பதைச் சொல்ல வேண்டும். இடைநீக்க விகிதங்களைக் கலிபோர்னியா டேஷ்போர்டு என்ற மாநிலத் தளத்தில் பள்ளிவாரியாகவும் குழுவாரியாகவும் பார்க்கலாம். சிவப்பு முதல் நீலம் வரை ஐந்து நிறங்கள். நம் பிள்ளைகள் ‘ஆசியர்’ என்ற பெரிய கூடைக்குள் சேர்ந்துவிடுவதால், நமக்கென்று தனி எண்ணைத் தேட வேண்டாம்.

கட்டடப் பாதுகாப்பைப் பற்றி வேட்பாளர்கள் குறைவாகவே பேசுகிறார்கள். எனக்கு இது வியப்பாக இருக்கிறது. 1933 மார்ச் 10 அன்று லாங் பீச் நிலநடுக்கத்தில் எழுபது பள்ளிகள் இடிந்தன. மாலை 6 மணி நெருங்கும் நேரமாக இருந்ததால் வகுப்பறைகள் காலியாக இருந்தன. அது மட்டும்தான் அதிர்ஷ்டம். அதன்பின் ஒரு மாதத்துக்குள் வந்த ஃபீல்டு சட்டத்தால், அரசுப் பள்ளிக் கட்டடங்களின் வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் மாநிலம் நேரடியாக மேற்பார்வை செய்கிறது. 2024 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் பள்ளிக் கட்டடங்களுக்காக 79 கோடி டாலர் கடன்பத்திரத்தை ஏற்றார்கள். எந்தப் பள்ளிக்கு முதலில் என்ற வரிசையை வாரியமே முடிவு செய்யும்.

உங்கள் பள்ளிக்கென்று ஒரு பாதுகாப்புத் திட்டமும் இருக்கிறது. மாநிலச் சட்டப்படி ஆண்டுதோறும் மார்ச் 1-க்குள் அதைச் சீர்பார்க்க வேண்டும். அலுவலகத்தில் கேட்டால் பொதுப் பகுதியைக் காட்டுவார்கள். குடிவரவு நிலை பற்றிக் கவலை உள்ளவர்கள் அறிய வேண்டியது: 2018 முதல் நடைமுறையிலுள்ள மாநிலச் சட்டத்தின்படி, பள்ளிகள் மாணவர் அல்லது குடும்பத்தின் குடிவரவு நிலையைக் கேட்டுப் பதிவு செய்யக் கூடாது, மத்தியச் சட்டமோ மாநிலச் சட்டமோ கோரும் இடங்கள் மட்டும் விதிவிலக்கு.

ஐந்தாம் படி: எங்கே, எப்படி விசாரிப்பது

தேர்தல் துறை அனுப்பும் வாக்காளர் கையேட்டில் வேட்பாளர்களின் அறிக்கைகள் இருக்கும். அவை அவர்களே எழுதியவை. உண்மையா என்று எந்த அலுவலரும் சரிபார்ப்பதில்லை. யார் பணம் கொடுத்தார்கள் என்பதைப் படிவம் 460-ல் பாருங்கள். நூறு டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவரின் பெயர், தொழில், வேலை கொடுத்தவர் ஆகியவை அதில் இருக்கும். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் வராது. ஆனாலும் ஆசிரியர் சங்கம், பெற்றோர் அமைப்புகள், கட்சிக் குழுக்கள் ஆதரவு அறிவிக்கும். ஆதரவுப் பட்டியலைப் பார்த்து மட்டும் முடிவு செய்வது, யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியாமல் மொய் எழுதுவது போன்றது.

ஏற்கெனவே ஆணையராக இருப்பவர் போட்டியிட்டால், பேச்சைக் கேட்பதற்கு முன் அவர் அளித்த வாக்குகளைப் பாருங்கள். வாரியம் வழக்கமாகச் செவ்வாய் மாலையில், ஃபிராங்க்ளின் தெரு 555-ஆம் எண் கட்டடத்தில் கூடுகிறது. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியாக வேண்டும் என்பது பிரவுன் சட்டம். நிரலில் தலைப்பை மட்டும் படித்துவிட்டு மூடாதீர்கள் என்பதற்கு லோவல் கதையே சாட்சி. இணைத்திருக்கும் தீர்மான வாசகத்தைத் திறந்து படியுங்கள். பேச விரும்பினால் பெயர் கொடுக்க வேண்டும். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோதான் கிடைக்கும் என்பதால் எழுதிவைத்துக்கொண்டு போவது நல்லது.

ஆறாம் படி: வாக்குச்சீட்டு

பதிவு செய்ய வழக்கமான கடைசி நாள் தேர்தலுக்கு 15 நாட்களுக்கு முன். வாக்குச்சீட்டு சுமார் ஒரு மாதத்துக்கு முன்பே தபாலில் வந்துவிடும். அஞ்சல்தலை ஒட்டத் தேவையில்லை. தெருவோரத்து வாக்குப் பெட்டியில் போடலாம், அல்லது தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை விழும்படி அனுப்பலாம்.

நம்மவர்கள் இடறுவது கையெழுத்தில். உறையின் மேல் போடும் கையெழுத்தைப் பதிவிலுள்ள கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள். தலைப்பெழுத்தை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, கடவுச்சீட்டில் ஒருவிதமாகவும் உரிமத்தில் வேறுவிதமாகவும் எழுதிப் பழகிய கை, உறையில் மூன்றாவது விதமாக எழுதிவிடும். தமிழில் கையெழுத்திடுபவர் தாராளமாகத் தமிழிலேயே இடலாம், பதிவுப் படிவத்திலும் தமிழில் இட்டிருந்தால். பொருந்தவில்லையென்றால் தேர்தல் துறை கடிதம் அனுப்பிச் சரிசெய்ய வாய்ப்புத் தரும். அந்தக் கடிதம் விளம்பர அட்டைகளோடு அட்டையாகக் குப்பைக்குப் போய்விடாமல் நவம்பர் முடியும்வரை தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருங்கள்.